இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை?

மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களின் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

திருமுடிவாக்கம், குன்றத்தூர், திருநீர்மலை, அனகாபுத்தூர், பம்மல் பக்கத்து வீடுகளில் மனச்சோர்வு மாத்திரை போடும் ஒருவருடன் வாழ்ந்துவரும் மனைவிமார், கணவன்மார், அம்மாக்கள், அண்ணன்மார், மாமியார்கள் அனைவருக்கும்:

மாத்திரை போடுகிறவருக்குச் சொல்ல டாக்டர் இருக்கிறார். உங்களுக்குத்தான் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ளே கூப்பிடாததால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, திரும்பும் வழியில் சீட்டை மெடிக்கலில் நீட்டி மருந்து வாங்கி வருவது நீங்கள். மூன்றாவது வாரம் “இது இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று கேட்பதும் நீங்கள்தான். ஐந்தாவது மாதம், ஆள் ஒழுங்காக ஷிப்டுக்குப் போய்வர ஆரம்பித்ததும், “அதான் சரியாயிடுச்சே, இனிமே எதுக்கு?” என்பதும் நீங்கள்தான். எல்லாம் அக்கறையில்தான். அந்த அக்கறை சில நேரம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பேசத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்று. மாத்திரை வரைக்கும் வந்து சேர்ந்ததே பெரிய காரியம். சென்னையில் 25,455 பேரிடம் நடந்த ஒரு கணக்கெடுப்பில், கேள்வித்தாள் அளவுகோலின்படி 15.1 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு தென்பட்டது. 2009இல் வெளியான முடிவு அது. 2015-16இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போனது. பெரியவர்களில் இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு வந்திருந்தது. மனச்சோர்வு இருந்தவர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே இருந்தார்கள். உங்கள் வீட்டில் மாத்திரை போடுகிறவர் நூற்றில் மிச்சமுள்ள பதினைந்து பேரில் ஒருவர்.

இந்த வட்டாரத்துக்கு நீண்டநாள் மாத்திரை புதிதல்ல. ஒரு ரயில் நிலையமே ஆஸ்பத்திரியின் பெயரில் இருக்கிறது: தாம்பரம் சானடோரியம். இங்கிலாந்தில் காசநோய் விடுதி நடத்திவிட்டு ஊர் திரும்பிய டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தொடங்கியது. 1937இல் மெட்ராஸ் அரசு எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் காசத்துக்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் வந்தது. நெருக்கடியான வீட்டில் இருந்தபடியே மாத்திரை போட்டவர்களும், சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள் என்று அந்த மையத்தின் ஆய்வு 1959இல் காட்டியது. உலகின் பல நாடுகளில் சானடோரியங்கள் காலியானதற்கு அதுவும் ஒரு காரணம். மாத்திரை வேளாவேளைக்கு உள்ளே போகிறதா என்று பார்க்கிற பொறுப்பு, அதோடு நர்ஸ் கையிலிருந்து வீட்டார் கைக்கு வந்துவிட்டது.

மனச்சோர்வு மாத்திரை பிறந்ததும் காசநோய் வார்டில்தான். 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஸீ வியூ மருத்துவமனையில் ஐசோனியசிட், அதன் பங்காளி மருந்தான இப்ரோனியசிட் இரண்டையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்குப் பசி எடுத்தது, பேச்சு வந்தது. சிலர் வார்டிலேயே ஆட்டம் போட்டார்கள். நுரையீரல் மருந்து மனசில் என்னவோ செய்கிறது என்று டாக்டர்களுக்குத் தோன்றிற்று. 1957இல் நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் இப்ரோனியசிட்டை மனச்சோர்வுக்கே கொடுத்து அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இமிப்ரமின் என்ற இன்னொரு மருந்தைப் பற்றி எழுதினார். இப்ரோனியசிட் ஈரலைக் கெடுத்ததால் ஓரம்கட்டப்பட்டது. ஐசோனியசிட் காசநோய் மாத்திரையில் இன்றும் இருக்கிறது. ஃப்ளுவாக்ஸடினுக்கு 1987 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த வகையில் அடுத்தடுத்து வந்தவைதான் இன்று உங்கள் வீட்டு அட்டையில் இருக்கும் செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் முதலியவை.

இருமல் நின்றதும் டி.பி. மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று தாம்பரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆறு மாதக் கணக்கு முடிய வேண்டும், சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மனச்சோர்வில் அந்தச் சளி டெஸ்ட் கிடையாது. ரத்தத்தில் பார்க்க வழியில்லை, ஸ்கேனில் தெரியாது. டாக்டர் மேசையில் இருக்கும் ஒன்பது கேள்வித் தாள்கூட, நோயாளி வாயால் சொல்வதைத்தான் மதிப்பெண்ணாக்குகிறது. அவர் சொல்வதுதான் டெஸ்ட் ரிப்போர்ட். வீட்டில் நாலு வசவு கேட்டு அவர் வாயை மூடிக்கொண்டால், டாக்டருக்கும் ஒன்றும் தெரியாமல் போகும்.

சரி, அப்படி என்னதான் சொல்வார்கள்?

முதல் வாரம் பெரும்பாலும் கெட்ட செய்திதான். வயிற்றைக் குமட்டும். தலை கிறுகிறுக்கும். சிலருக்குத் தூக்கம் போய்விடும், சிலருக்குப் பகலிலும் மப்பு. படபடப்பு குறைவதற்குப் பதில் நாலு நாள் கூடுதலாக இருக்கும். நல்லது தெரிய இரண்டு வாரம் ஆகலாம், நாலு வாரம் ஆகலாம், ஆறும் ஆகலாம். கெட்டது இன்றைக்கே வருகிறது, நல்லது அடுத்த மாதம்தான் வரும். “மாத்திரை போட்டதுக்கு அப்புறம்தான் மோசமாச்சு” என்று வீட்டார் முடிவுகட்டுவது இந்த இடைவெளியில்தான். பலர் கழன்றுகொள்வதும் இங்கேதான்; முதல் அட்டையோடு நின்றுபோனவர்களை உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிற ஒருவருக்கு இந்த மப்பு வெறும் அசௌகரியம் இல்லை, விரல் விவகாரம். அதை அவர் டாக்டரிடம் சொல்ல வேண்டும். “நான் பார்க்கிற வேலை இது, நைட் ஷிப்ட் இந்த வாரம்” என்று சொன்னால், மாத்திரையைப் போடுகிற நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைத்து ஆரம்பிக்கலாம், வேறு மருந்துக்கே போகலாம். டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் எடுத்துக்கொடுங்கள்.

இன்னொரு கவனம் இளவயதுக்காரர்கள் பற்றியது. இந்த மருந்துகள் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தற்கொலை எண்ணத்தைக் கிளப்பக்கூடும் என்று 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரித்தது. 2007இல் அந்த எச்சரிக்கையை 24 வயது வரை நீட்டியது. அதற்காக மருந்தே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு மாத்திரை தொடங்கினாலோ, அளவு கூட்டினாலோ, முதல் சில வாரம் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருப்புக்கொள்ளாமல் தவித்தால், எரிந்து விழுந்தால், சாவைப் பற்றிப் பேசினால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சில வாரம் கழிந்து ஆள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு வருகிற செய்திகள் வேறு மாதிரி. நியூசிலாந்தில் மனச்சோர்வு மாத்திரை எடுத்த 1,829 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. மருந்து மனச்சோர்வைக் குறைத்தது என்றவர்கள் சுமார் 83 விழுக்காடு. தாம்பத்தியத்தில் சிக்கல் என்றவர்கள் 62 விழுக்காடு. மனசு மரத்துப்போச்சு என்றவர்கள் 60 விழுக்காடு. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் இதை எல்லோருக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது. ஆனாலும் ‘பலன் உண்டு’ என்று சொன்ன கூட்டத்திலேயே ‘தொல்லையும் உண்டு’ என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் இரண்டில் ஒன்றைச் சொல்லத்தான் இடமிருக்கிறது. தொல்லை என்று வாயெடுத்தால் “அப்ப விட்டுடு” என்கிறோம். நல்லாயிருக்கு என்றாலும் “அப்ப விட்டுடு” என்கிறோம்!

தாம்பத்தியச் சிக்கலைப் பற்றி இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. ஒரே அறை, நடுவில் குழந்தைகள், பக்கத்து அறையில் பெரியவர்கள். அதில் கணவன் விலகிப் படுத்தால் மனைவிக்கு எத்தனையோ சந்தேகம். அவனுக்கோ தன் ஆண்மையே போய்விட்டதென்று பயம். பெண்களுக்கும் இது வரும். அவர்களிடம் கேட்பாரே இல்லை. மாத்திரையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துகிற கணவன்மாரில் பலருக்கு இதுதான் காரணம். நிறுத்தியது வீட்டுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எட்டு வாரம் கழித்து மறுபடி படுத்தால் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். இத்தனைக்கும் இதற்கு வழி உண்டு. அளவைக் குறைக்கலாம், இந்தச் சிக்கல் குறைவாக உள்ள மிர்டசபின், புப்ரோபியன் போன்றவற்றுக்கு மாறலாம். மிர்டசபினில் பசியும் எடையும் கூடும், அது வேறு கதை.

மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதிலும் வெளிப்படையாக இருப்பது நல்லது. 2018இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பு, 522 பரிசோதனைகளில் 1,16,477 பேரின் விவரங்களை வைத்து 21 மருந்துகளை ஒப்பிட்டது. எல்லாமே வெற்று மாத்திரையைவிடக் கொஞ்சம் மேல். அந்தக் ‘கொஞ்சம்’ சராசரிக் கணக்கு. ஒருவருக்கு மறுவாழ்வாகவும் இன்னொருவருக்குச் சுண்ணாம்பாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் நான்காயிரம் பேரை வைத்து நடந்த ஸ்டார்-டி ஆய்வில், முதலில் கொடுத்த மருந்திலேயே முழுசாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மற்றவர்களுக்கு மருந்தை மாற்றியும் சேர்த்தும் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே “முதல் டாக்டர் கொடுத்தது கேக்கல, இவனுக்கு எதுவும் கேக்காது” என்று மூட்டை கட்டிவிடாதீர்கள்.

‘மூளையில் செரோட்டோனின் குறைஞ்சுபோச்சு, அதை இது நிரப்பும்’ என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவ்வளவு எளிய கணக்கு இல்லை என்பதை 2022இல் ஜோனா மான்கிரீஃப் குழுவினரின் ஆய்வுத் தொகுப்பு உரக்கச் சொன்னது. மனநல மருத்துவர்கள் பலர் “அது எங்களுக்கு முன்பே தெரியும்” என்றார்கள். தெரிந்தவர்கள் நோயாளியிடமும் சொல்லியிருக்கலாம். கல்கத்தாவில் ஆய்வு செய்த மானுடவியலாளர் ஸ்டெஃபன் எக்ஸ், அங்குள்ள டாக்டர்கள் இந்த மாத்திரையை மனசுக்கான சாப்பாடு என்று நோயாளிகளிடம் அறிமுகப்படுத்துவதை 2013இல் வந்த தம் நூலில் விவரிக்கிறார். நம்மூரில் ‘சத்து மாத்திரை’, ‘நரம்புக்கு’ என்று சொல்லிக் கொடுப்பதும் அந்த ஜாதிதான். பயமுறுத்தக்கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் சத்து மாத்திரை என்றால் தெம்பு வந்ததும் நிறுத்துவதுதானே முறை? பொய் சொல்லிக் கொடுத்த மருந்தை உண்மை தெரிந்த அன்றைக்கே விட்டுவிடுகிறார்கள்.

நடிகை தீபிகா படுகோன் 2015இல் தன் மனச்சோர்வைப் பற்றி வெளியில் பேசியபோது, மருந்து எடுக்கச் சொன்னதும் முதலில் தான் மறுத்ததையும் சேர்த்தே சொன்னார். பேசினாலே போதும் என்று நினைத்தாராம். பிறகு மருந்தும் எடுத்துத் தேறினார். அவர் அழுததைப் பார்த்ததுமே இது ஏதோ வேலைப் பிரச்சினை இல்லை என்று கண்டுகொண்டவர் அவருடைய அம்மா. மும்பை பங்களா வேறு, பம்மல் போர்ஷன் வேறு என்பது தெரியும். கவனிக்கிற கண் இரண்டு இடத்திலும் இருக்கிறது.

இப்போது அட்டையைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் நெடுக ஒரு சிவப்புக் கோடு ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. சம்பளத் தேதி தள்ளிப்போனால் “நாலு மாத்திரை மட்டும் குடுங்க” என்று கேட்கிறோம். கடைக்காரர் கத்தரியால் அட்டையை வெட்டிக் கொடுக்கிறார். மருந்தின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். பெயருக்குக் கீழே எஸ்சிடலோபிராமோடு குளோனசெபம் என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டும் சேர்ந்த மாத்திரை இந்தியாவில் தாராளமாகப் புழங்குகிறது. குளோனசெபம் படபடப்பை உடனே அடக்கும், தூக்கம் தரும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பழக்கமாகி, அது இல்லாமல் முடியாது என்றாகிவிடும். ‘டிப்ரஷன் மாத்திரை அடிமையாக்கும்’ என்ற பேச்சில் ஒரு பங்கு இந்தக் கூட்டாளியால் வந்த கெட்ட பெயர். பழைய சீட்டையே ஒரு வருடமாக நீட்டி வாங்குகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், குளோனசெபம் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் ஒரு தடவை கேளுங்கள். அதையும் படக்கென்று நிறுத்தக்கூடாது. வலிப்பு வரைக்கும் போகும்.

எத்தனை நாள் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. முதல் தடவை வந்தவர் என்றால், முழுசாகத் தேறிய பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் என்பது பொதுவான கணக்கு. திரும்பத் திரும்ப வந்தவருக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ. தேறிய நாளிலிருந்து எண்ண வேண்டும், தொடங்கிய நாளிலிருந்து அல்ல. பிரிட்டனில் நீண்டகாலம் மருந்து எடுத்து, நிறுத்தலாம் என்ற அளவுக்கு நன்றாக இருந்த 478 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது. படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 விழுக்காடு. இதை இரண்டு பக்கமும் படிக்கலாம். நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது. நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் நூற்றுக்கு 44 பேர். ஆயுசு முழுக்க எல்லோருக்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

நிறுத்துகிற விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. திடீரென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, மண்டைக்குள் சுரீர் சுரீரென்று ஷாக் அடிப்பது போன்ற உணர்வு. 2024இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, நிறுத்தியவர்களில் ஆறேழு பேரில் ஒருவருக்கு மருந்தை விட்டதாலேயே இப்படித் தொல்லை வருகிறது; கடுமையாக வருவது நூற்றுக்கு மூன்று பேர் அளவில். இதைக் கண்டு சிலர் ‘நோய் திரும்பிடுச்சு’ என்று பயப்படுகிறார்கள். சிலர் ‘பாத்தியா, போதை மாதிரி பிடிச்சுக்கிச்சு’ என்கிறார்கள். சாராயத்துக்கு வருகிற ஏக்கம் இதில் வராது. உடம்பு பழகிய ஒன்று சட்டென்று விலகியதால் தடுமாறுகிறது. வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். கடைசிக் கால் மாத்திரைதான் கஷ்டமான கட்டம் என்பதால் அங்கே அவசரம் கூடாது. இதன் கடுமையை நெடுங்காலம் குறைத்தே பேசிவந்த பிரிட்டன் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2019இல் தன் நிலையை மாற்றிக்கொண்டது. நோயாளிகள் பல வருடமாகக் கத்தியதற்குப் பிறகு.

நம் பக்கத்தில் திடீர் நிறுத்தத்துக்கு என்று சில காலங்கள் உண்டு. மாலை போட்டால் மாத்திரையை நிறுத்துகிறார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அட்டை அரிசி டப்பாவுக்குள் போகிறது. கல்யாணமான பெண் புகுந்த வீட்டில் ஒளிந்து ஒளிந்து போட முடியாமல் பத்தாம் நாள் விட்டுவிடுகிறாள். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மாத்திரை குப்பைக்குப் போகிறது. கர்ப்பத்தில் பெரும்பாலும் தவிர்க்கிற மருந்தும் உண்டு, பராக்ஸடின் மாதிரி. தொடர்ந்து கொடுக்கிற மருந்தும் உண்டு, செர்ட்ரலின் மாதிரி. முடிவு மனநல மருத்துவரும் மகப்பேறு டாக்டரும் பேசி எடுப்பது. மாமியாரோ நாத்தனாரோ எடுப்பதல்ல, மன்னிக்கவும்.

மூட்டு வலி, முதுகு வலி என்று வேறு டாக்டரிடம் போகும்போது இந்த மாத்திரையின் பெயரை மறைக்காதீர்கள். டிரமடால் என்ற வலி மருந்தோடு இது சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று ஆபத்தாகலாம். வேறு சில வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கும் வாய்ப்புக் கூடும். வீட்டுப் பெரியவர் ஒருவர் மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

பணம் ஒரு பாரம்தான். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், மாத்திரைக்குக் காசில்லை. தொழிற்பேட்டையில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர் ஈ.எஸ்.ஐ. அட்டைக்காரர், கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை அவருக்கும் குடும்பத்துக்கும் உரியது. வேலைக்கே போக முடியாத அளவுக்குப் படுத்துவிட்டால், ஈ.எஸ்.ஐ.யின் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன் என்று ஒன்று உண்டு. கூலியில் 80 விழுக்காடு வரும். அதற்கான 34 நோய்களின் பட்டியலில் மனநோய்ப் பிரிவும், அதில் கடுமையான மனச்சோர்வும் இருக்கின்றன. பல கம்பெனி ஆபீஸ்களுக்கே இது தெரியாது, கேட்டு வாங்குங்கள். தனியார் காப்பீடு எடுத்திருந்தால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆளைப் பார்த்துப் பயமாக இருந்தால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களும் பேசலாம்.

அடுத்த தடவை ஓ.பி.க்குப் போகும்போது, அவருக்குச் சம்மதமானால் நீங்களும் உள்ளே போங்கள். சீட்டின் பின்பக்கம் முன்கூட்டியே எழுதி வையுங்கள்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை நாள் மாத்திரை தவறியது, வேலையில் என்ன தொந்தரவு. பொது இடத்தில் சொல்ல முடியாதது ஏதாவது இருந்தால், அதை அவரே எழுதட்டும். நீங்கள் படிக்காமல் மடித்து டாக்டரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துக்காரர் ஒருவர்